ஹிமாலயன் 411-இன் பின்பக்க உயரம்: வண்ணார்பேட்டைப் பட்டறை ஒன்றின் வேலை குறித்து

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், பிரதான சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை மோட்டார் சைக்கிள்களின் சஸ்பென்ஷன் வேலையை மட்டும் எடுத்துச் செய்து வருகிறது. ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ போடுவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு அங்கே இடமில்லை. கேட்டால் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்னுடைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐயும், களக்காட்டில் வாழை வியாபாரம் செய்யும் என் மைத்துனரின் அதே மாடல் வண்டியையும் ஒரே வாரத்தில் அங்கே கொடுத்தோம். என் வண்டியின் பின்பக்கம் உயர்த்தப்பட்டது, அவருடையது தாழ்த்தப்பட்டது. ஒரே மாடலில் எதிரெதிரான இரண்டு திருத்தங்களைச் செய்து, இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி ஒரே சாலைகளில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை என்பதால் இந்த மதிப்பீட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பட்டறையைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அளக்காமல் ஸ்பேனரைத் தொடாத இடம் அது, அந்த ஒன்றுக்காகவே போகலாம். குறைகளும் உண்டு, அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டு வண்டிகளுக்கும் தேவை வெவ்வேறு. மனைவியைப் பின்னால் அமர்த்தி, இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நாகர்கோவில் வரை அடிக்கடி போய்வருகிறவன் நான். வளைவுகளில் வண்டி நினைத்த கோட்டில் நிற்காமல் வெளிப்பக்கமாக விலகிப் போவதும், இரவில் எதிரே வருகிறவர்கள் கண் கூசி விளக்கடிப்பதும் என் புகார்கள். மைத்துனருக்கோ உயரம் குறைவு. 800 மி.மீ. உயரமுள்ள இருக்கையில் அமர்ந்தால் அவருக்குக் கால்விரல் நுனிகள்தான் தரையைத் தொடும். தோட்டத்து வரப்பில் வண்டியை நிறுத்தித் திருப்புவது ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு சோதனை.

"அண்ணாச்சி, பின்னால ஒரு இஞ்சு இறக்கிருங்க" என்று அவர் வண்டியை நிறுத்தியதும் சொன்னார். பட்டறைக்காரர் அதற்குப் பதில் சொல்லாமல் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்களைக் குனிந்து படித்தார். "மொதல்ல நீங்க ஏறி உக்காருங்க. அளந்து பாப்போம். எறக்குறதா ஏத்துறதாங்கிறதைப் பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். டயரைப் படித்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வண்டிக்குக் கம்பெனி தந்த பின் டயர் 120/90-17 (முதல் எண் மி.மீ.-இல் அகலம், நடு எண் அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது); அதற்குப் பதிலாக யாராவது 120/80-17 மாட்டியிருந்தால், டயரின் பக்கச்சுவர் 108 மி.மீ.-இலிருந்து 96 ஆகக் குறைந்து, சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன்பே பின்பக்கம் 12 மி.மீ. இறங்கியிருக்கும். டயர் கடையில் அகலத்தை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, வண்டி முன்பு போல வளைய மறுக்கிறது என்று இங்கே வருகிறவர்கள் நிறையப் பேர் என்று அவர் சொன்னது வியப்பாக இல்லை.

அளக்கும் முறை எளிமையானது, ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய மூன்று பேர் வேண்டும். பின் அச்சுக்கு நேர் மேலே, வால் பகுதியின் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அதில் பேனாவால் ஒரு கோடு போடுகிறார்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் காற்றில் தொங்கும்போது அச்சுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் முதல் அளவு. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் ஏறாமல் வண்டியின் எடையில் மட்டும் நிற்கும்போது எடுப்பது இரண்டாவது. ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு, கால்களைப் பெக்கில் வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தபின் எடுப்பது மூன்றாவது. ஒவ்வோர் அளவுக்கு முன்பும் பட்டறைப் பையன் இருக்கையைப் பலமாக அமுக்கி விடுகிறான். சீல், புஷ் ஆகியவற்றின் உராய்வினால் சஸ்பென்ஷன் பாதியில் சிக்கி நின்று பொய்யான அளவைக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டையும் தனித்தனியே கழித்தால் கிடைப்பதுதான் 'சேக்' என்று அவர்கள் சொல்லும் இறக்கம்.

ஹிமாலயன் 411-இன் பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரம் 180 மி.மீ. ஆள் ஏறிய நிலையில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 மி.மீ. வரை இறங்கி நின்றால் சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவாகச் சரியாக இருக்கும். என் வண்டியில் ஆளில்லாமல் 24 மி.மீ., நான் மட்டும் ஏறினால் 60, மனைவியும் பைகளும் சேர்ந்தால் 86 என்று வந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பயணத்தை உட்கார்ந்த இடத்திலேயே தின்றுவிட்டு, மீதியை வைத்துக்கொண்டுதான் வண்டி நெடுஞ்சாலைக்குப் புறப்பட்டிருக்கிறது.

இந்த 86 என்ற எண்ணே என் இரண்டு புகார்களுக்கும் விளக்கம் தந்தது. பின்பக்கம் தாழும்போது வண்டி முழுவதும் பின்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கும் அதோடு சேர்ந்து மேலும் சாய்ந்து படுக்கிறது. சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1465 மி.மீ. உள்ள இந்த வண்டியில் பின்பக்கம் 25 மி.மீ. தாழ்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். சாய்வு கூடினால் டிரெயிலும் கூடும். ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடாகத் தரைவரை நீட்டினால் அது ஓர் இடத்தில் முட்டும். டயர் தரையைத் தொடுவது அதற்குப் பின்னால். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே டிரெயில். 21 அங்குல முன்சக்கரத்துக்கு ஒரு டிகிரி சாய்வில் அது சுமார் 7 மி.மீ. மாறுகிறது. டிரெயில் நீண்டால் சக்கரம் நேர்க்கோட்டை விட்டு நகர மனமில்லாமல் நிற்கும். வளைவில் நுழைக்க ஹேண்டிலை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். முன்சக்கரத்தின் மேல் எடையும் குறைந்துவிடுவதால் வண்டி வளைவின் வெளிவிளிம்பை நோக்கி நகரும். விளக்கின் கதையும் இதுதான். ஒரு டிகிரி நிமிர்ந்த ஒளிக்கற்றை 50 மீட்டர் தூரத்தில் 87 செ.மீ. மேலே போய் விழும். எதிரே வருகிறவரின் கண் அங்கேதான் இருக்கிறது.

பட்டறைக்காரர் என் வண்டிக்குப் புதிய பொருள் எதையும் விற்கவில்லை. மோனோஷாக் எனும் ஒற்றைப் பின் ஷாக்கின் ஸ்பிரிங் முனையில் உள்ள ரிங்கை சி ஸ்பேனரால் திருப்பி, பிரிலோடை, அதாவது சுமை ஏறுமுன்பே ஸ்பிரிங் அமுக்கி வைக்கப்பட்டிருக்கும் அளவை, ஏற்றினார். திருப்புவதற்கு முன் கம்பித் தூரிகையால் மண்ணைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டார். அந்த அவசரமின்மை எனக்குப் பிடித்தது. மறுபடியும் அளந்தபோது 6, 42, 68 என்று வந்தது. இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று அளவுகளிலும் ஒரே மாதிரி 18 மி.மீ. குறைந்திருக்கிறது. நான் தனியாக அமர்வதற்கும் மனைவியும் பைகளும் சேர்வதற்கும் உள்ள வித்தியாசம் முன்பும் 26, இப்போதும் 26. பிரிலோடை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறோம். முறுக்கிய பின்னும் அதே எடைக்கு அதே அளவுதான் அது அமுங்குகிறது. வண்டி நிற்கும் உயரம் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே ரிங்கைத் திருப்புவது என்பது உயரத்தைத் திருத்தும் வேலையே.

68 என்பது இன்னமும் கொஞ்சம் அதிகம்தான். மேலும் இரண்டு சுற்று ஏற்றச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். ஆளில்லாத நிலையில் 6 மி.மீ. இறக்கமே மிச்சம் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், நான் தனியாகப் போகும்போது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைப் பற்ற இடம் குறைந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஷாக் மேல்முனையில் போய் டொக்கென்று இடிக்கும் என்றார். ஆளில்லாதபோது இறக்கம் மிகக் குறைவாகவும், சுமையோடு மிக அதிகமாகவும் இருக்குமானால் ஸ்பிரிங்தான் அந்தச் சுமைக்கு மென்மை என்று பொருள். கெட்டியான ஸ்பிரிங் போடுவதே அதற்கு வழி. அது அவரிடம் இல்லை, வெளியூரிலிருந்து வரவழைத்துத் தருவதும் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டார் என்பதால் இதைக் குறையாக மட்டும் எழுத மனமில்லை.

கடைசியாகச் செயின். இதில்தான் பட்டறையின் தரம் தெரிந்தது. கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) சுழலும் ஊசி, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் தருணத்தில்தான் செயின் மிகவும் இறுகும். பின்பக்கம் உயர்ந்த வண்டியில், நிறுத்தி வைத்த நிலையில் ஸ்விங் ஆர்ம் அந்தக் கோட்டிலிருந்து முன்பைவிட விலகி நிற்பதால், செயின் வழக்கத்தைவிடத் தளர்ந்ததாகத் தோன்றும். தளர்ச்சியாக இருக்கிறதே என்று புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கிவிட்டால், சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது செயின் விறைத்து, ஸ்பிராக்கெட் பல்லையும் கியர்பாக்ஸ் பேரிங்கையும் தின்னத் தொடங்கும். இங்கே ஒரு பட்டை பெல்ட்டை இருக்கையின் மேலாகப் போட்டு, சக்கரத்தோடு இழுத்துக் கட்டி, மூன்று மையங்களும் நேர்க்கோட்டில் வரும்வரை வண்டியை அமுக்கி, அந்த நிலையில் செயினில் விரலளவு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அச்சு நட்டை இறுக்கினார்கள்.

மைத்துனரின் வண்டிக்கு நடந்தது பெரிய வேலை. இந்த வண்டியில் ஷாக் நேராக ஸ்விங் ஆர்மில் இணையாமல் லிங்க் எனும் இடை இணைப்பு வழியாக இணைகிறது. அந்த லிங்க்கின் தட்டுகளை மாற்றினால், துளைகளுக்கு இடையே உள்ள சில மி.மீ. வித்தியாசமே அச்சில் 25 மி.மீ. தாழ்வாகப் பெருகிவிடும். கேட்பதற்கு மலிவான, மாயமான தீர்வு. ஆனால் பட்டறைக்காரர் முதலில் அவரைத் தடுக்கத்தான் பார்த்தார். இருக்கை பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. அதனால் அச்சில் 25 மி.மீ. இறக்கினாலும் உட்காரும் இடத்தில் சுமார் 16 மி.மீ. மட்டுமே இறங்கும். அந்த அளவை இருக்கையின் பஞ்சை ஓரங்களில் செதுக்கியே பெற்றுவிடலாம், வண்டியின் குணம் கெடாது என்று எடுத்துச் சொன்னார். மைத்துனர் பிடிவாதக்காரர். முதலில் லிங்க்கை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். முன்பக்கத்தைத் தொடாமல் பின்பக்கம் மட்டும் இறங்கிய அந்த நிலையில் நானும் சேரன்மகாதேவி வரை ஓட்டிப் பார்த்தேன். முன்சக்கரம் எங்கோ தூரத்தில் இருப்பது போன்ற உணர்வு. ஊருக்குள் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் தானாகவே உள்ளே விழுந்து மடங்கப் பார்க்கிறது. சற்று வேகமெடுத்தால் வளைய மறுக்கிறது. குட்டையானவருக்கு உதவி என்று செய்த வேலை, மெதுவான வேகத்தில் அவரையே தடுமாற வைக்கும்போல் இருந்தது.

இதன் பிறகு ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ் கிளாம்புகளைத் தளர்த்தி, குழாய்களை 15 மி.மீ. மேலே தள்ளி முன்பக்கத்தையும் இறக்கினார்கள். இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் 10 மி.மீ. மட்டும், சாய்வு அரை டிகிரிக்கும் குறைவாகவே கூடியிருக்கிறது. இருக்கை மொத்தத்தில் 21, 22 மி.மீ. இறங்கி, மைத்துனரின் முன்பாதங்கள் தரையில் பதிந்தன. ஓட்டுவதற்கு வண்டி மீண்டும் ஹிமாலயன் ஆயிற்று. பின்னைத் தொட்டால் முன்னையும் தொட்டாக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு மாலை போதுமான நிரூபணம். இதற்கு எதிர்த்திசையில் கம்பெனியே செய்து காட்டிய உதாரணம் ஒன்று உண்டு. 2022-இல் வந்த ஸ்கிராம் 411, இதே சேசிஸில் 21 அங்குலத்துக்குப் பதில் 19 அங்குல முன்சக்கரத்தையும் 10 மி.மீ. குறைந்த முன் சஸ்பென்ஷன் பயணத்தையும் கொண்டது. முன்பக்கம் தாழ்வதும் பின்பக்கம் உயர்வதும் ஒரே விளைவைத் தருபவை என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பவருக்கு ஸ்கிராம் நகரத் தெருக்களில் ஏன் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது என்பது உடனே விளங்கும்.

லிங்க் மாற்றுவதற்கான விலையை எழுதியாக வேண்டும், ரூபாயைச் சொல்லவில்லை. 220 மி.மீ. இருந்த தரை இடைவெளி, நடுப்பகுதியில் 200 அளவுக்கு வந்துவிட்டது. ஷாக்கின் நீளம் மாறவில்லை, ஆகவே அது முழுவதும் அமுங்கும்போது சக்கரம் முன்பைவிட மட்கார்டின் உட்புறத்தை நெருங்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை முழுவதும் தூக்கிப் பார்த்து, உரசாது என்று உறுதி செய்த பிறகே மாட்டித் தந்தார்கள். பழைய ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது, பணகுடிக் காற்றில் ஒரு தட்டுக்குத் தாங்காது. ஆகவே பக்க ஸ்டாண்டை அறுத்துக் குறைத்து, சுவிட்ச்சின் ஒயரைத் தொடாமல் வெல்டு வைத்தார்கள். வெல்டு பார்வைக்கு அழகாக இல்லை, பெயின்டும் அடித்துத் தரவில்லை. நடு ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு இனி மைத்துனருக்கு இன்னொருவர் துணை வேண்டும்.

சாலையில் இரண்டையும் ஒப்பிட்டதில் தெரிந்தவை இவை. நாங்குநேரியைத் தாண்டி வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு வரை செல்லும் நான்குவழிச் சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் அறையும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில், காற்றாலைகள் வரிசையாகச் சுழலும் அந்தப் பகுதியில் பைகள் கட்டிய வண்டியை நேராக வைத்திருப்பதே வேலை. உயர்த்திய என் வண்டி சிறிது படபடப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன்; சுமையோடு போகும்போது அப்படி எதுவும் இல்லை, ஏனென்றால் 68-இல் நிற்கும் வண்டி கம்பெனி நினைத்த நிலைக்குத் திரும்பி வந்திருக்கிறதே தவிர அதைத் தாண்டவில்லை. தனியாகப் போகும்போது மட்டும் காற்று விட்டுவிட்டு அடிக்கையில் ஹேண்டில் லேசாக நடுங்கியது. இறக்கிய வண்டி அங்கே அசையாமல் போயிற்று.

களக்காட்டிலிருந்து சேரன்மகாதேவிக்கு வரும் சாலையில் ஊருக்கு ஊர் உள்ள வேகத்தடைகளில் நிலைமை தலைகீழ். என் வண்டி முன்பெல்லாம் சுமையோடு இறங்கும்போது அடிவரை அமுங்கி முட்டும் இடங்களை இப்போது ஒரே அசைவில் கடந்தது. ஆனால் பிரிலோடு ஏறிய அளவுக்கு ஸ்பிரிங்கின் உந்தலைக் கட்டுப்படுத்த இந்த ஷாக்கில் ரீபவுண்டுத் திருகு கிடையாது. ஆகவே தனியாகப் போகும்போது பின்பக்கம் சற்றுத் துள்ளுகிறது. மைத்துனரின் வண்டி இரண்டு இடங்களில் எஞ்சின் காப்புத் தகட்டைத் தேய்த்தது. வாழைத்தோட்டத்துக்குள் மேடான வரப்பில் ஏறும்போதும் தேய்க்கிறது என்று பிறகு சொன்னார்; அதற்கு ஈடாகக் காலூன்ற முடிகிறது, அந்தக் கணக்கு அவருக்குக் கட்டுபடியாகிறது.

எதிர்பாராத பலன் திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் கிடைத்தது. செம்மணலில் முன்சக்கரம் புதையும் இடத்தில், சற்றுச் சாய்ந்த ஃபோர்க்கும் நீண்ட டிரெயிலும் கொண்ட வண்டி மணலைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகிறது. உயர்த்திய என் வண்டியோ, முன்னால் எடை கூடியிருப்பதால், ஆக்சிலரேட்டரை விட்ட மாத்திரத்தில் முன்சக்கரம் மடங்கிக் குத்தப் பார்த்தது. இருக்கையின் பின்கோடிக்கு நகர்ந்து அமர்ந்து, கியரை இறக்கி விசையை விடாமல் வைத்திருந்தால்தான் சமாளிக்க முடிந்தது. உவரி கடற்கரைக்கு அவ்வழியே போகிறவர்கள், பிரிலோடு ஏற்றிய வண்டியை மணலுக்கு முன் ரிங்கைத் திருப்பிச் சற்று இறக்கிக்கொள்ளலாம்.

இனிக் குறைகள். அளவுகளை எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை; சுவரில் சாக்பீசால் எழுதுகிறார்கள், மறுவாரம் அதன்மேல் வேறொரு வண்டியின் எண்கள் ஏறிவிடுகின்றன. போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் கிளாம்பு போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினார்கள், சரி. ஆனால் லிங்க் புஷ்களுக்கு வைத்த கிரீஸ் போதவில்லை. முதல் மழைக்குப் பின் மைத்துனரின் வண்டியில் கிறீச்சென்ற சத்தம் வந்தது, எடுத்துப்போனதும் காசு வாங்காமல் பிரித்துத் துடைத்து மறுபடி கிரீஸ் வைத்துத் தந்தார்கள். காத்திருக்கும் நேரம் அதிகம், உட்கார ஒரு பெஞ்சும் கவிழ்த்த ஆயில் டின்னும்தான் உண்டு.

பிரிலோடும் அளவெடுப்பும் செயினும் விளக்குத் திருத்தமும் சேர்த்து என்னிடம் 600 ரூபாய் வாங்கினார்கள். லிங்க் வேலைக்குத் தட்டுகளின் விலை போகக் கூலி 1800. வெல்டு அதில் அடக்கம். இரட்டை ஷாக் உள்ள ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளுக்கும் அளந்து படி வைத்துத் தருகிறார்கள், அதற்குக் கட்டணம் இன்னும் குறைவு. எப்போதும் பின்னால் அமர்கிறவரையும், வழக்கமாக ஏற்றும் பைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் இல்லாமல் போனால் அளவெடுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் அன்றே வண்டி கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.